பழைய காரில் சஸ்பென்ஷன் சத்தம்: ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவதா, சேர்த்து மாற்றுவதா, முழுவதையும் புதுப்பிப்பதா?

10 ஆண்டுகளைக் கடந்த காரை வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் இருக்கிறது. சிறு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது முன்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. ஒரு மெக்கானிக் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க்கை) போய்விட்டது என்கிறார். இன்னொருவர் ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர், இந்த வயதில் வண்டி சத்தம் போடத்தான் செய்யும், அப்படியே ஓட்டுங்கள் என்று அனுப்பிவிடுகிறார். மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பழைய காரில் தேய்ந்த பாகம் ஒன்றே ஒன்றாக இருப்பது அரிது. ஆகவே யார் எதைச் சுட்டிக்காட்டினாலும் அது ஓரளவு தேய்ந்துதான் இருக்கும். தேய்ந்த பாகம் எது என்பதும் சத்தம் போடும் பாகம் எது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

உரிமையாளர் முன் இருப்பவை நான்கு வழிகள்: எதையும் மாற்றாமல் கவனித்துக்கொண்டே ஓட்டுவது, சத்தம் போடும் பாகத்தை மட்டும் மாற்றுவது, அதோடு சேர்ந்து கழலும் பாகங்களையும் ஒரே முறையில் மாற்றுவது, சஸ்பென்ஷன் முழுவதையும் புதுப்பிப்பது.

## எந்த அளவுகோல்களை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், சத்தத்தின் இடம் எந்த அளவுக்கு உறுதியாகத் தெரிகிறது என்பது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரியாத நிலையில் ஒரு பாகத்தை மாற்றுவதும் சரி, முழுவதையும் மாற்றுவதும் சரி, இரண்டுமே ஊகத்துக்குச் செய்யும் செலவுதான். பின்னதில் ஊகம் பலிக்கும் வாய்ப்பு சற்று அதிகம், அவ்வளவே.

இரண்டாவது, அந்தப் பாகம் முற்றிலும் விட்டுப்போனால் என்ன நேரும் என்பது. ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் முனையில் உள்ள சிறு இணைப்புத் தண்டு) உடைந்தால் வளைவுகளில் கார் கூடுதலாகச் சாயும். பால் ஜாயின்ட் (ஆர்மின் முனையைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் உருண்டை மூட்டு) கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிவிடும். இரண்டும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான ‘டொக்’ சத்தத்தைத்தான் தரும் என்பதால், சத்தத்தின் அளவை வைத்து ஆபத்தை எடைபோட முடியாது.

மூன்றாவது அளவுகோலைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு பாகத்தை எடுக்க வேறு எவையெல்லாம் கழல வேண்டும் என்பதே அது. ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்த தூண்) மேல் மவுண்டை மாற்ற வேண்டுமானால் ஸ்ட்ரட் முழுவதும் வெளியே வந்து, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரித்தாக வேண்டும். அந்த நேரத்தில் மவுண்ட் பேரிங், பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை ஆகிய மூன்றும் கையில்தான் இருக்கும். அவற்றை அப்போது மாற்றினால் கூடுதல் கூலி ஏதுமில்லை. ஆறு மாதம் கழித்து மாற்றினால் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். மறுபுறம், ஸ்டெபிலைசர் லிங்கை மாற்ற இரண்டு நட்டுகள் போதும். அதை எப்போது மாற்றினாலும் கூலி ஒன்றுதான்.

இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, வேலைக்குப் பின் வீல் அலைன்மென்ட் தேவையா என்பது. மற்றொன்று, இந்தக் காரை இன்னும் எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்பது.

## வழிகளை ஒப்பிடும் முன்: சத்தம் எங்கிருந்து வருகிறது

சத்தத்தை விவரிப்பதைவிட, அது எப்போது வருகிறது என்பதைக் கவனிப்பது பயன் தரும். வேகத்தடையில் இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்போது சத்தமில்லாமல், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் ஸ்டெபிலைசர் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களையும் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறைகள்) முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கினால் அந்தக் கம்பி முறுக்கப்படுவதில்லை. ஒன்று மட்டும் அசையும்போதுதான் அது முறுகி, தளர்ந்த மூட்டைத் தட்டுகிறது.

பிரேக் பிடிக்கும் கணத்திலும், ரிவர்ஸிலிருந்து முன்னோக்கி நகரும் கணத்திலும் ஒரே ஒரு ‘தட்’ கேட்டால் லோயர் ஆர்மின் பின் புஷ் மீது கவனம் செல்ல வேண்டும். எஞ்சின் மவுண்டும் இதே சத்தத்தைத் தரக்கூடும் என்பதால், சமதளத்தில் கியரை நியூட்ரலில் வைத்து மெதுவாக உருளவிட்டு பிரேக் பிடித்துப் பார்க்கலாம். அப்போதும் தட்டினால் எஞ்சின் மவுண்டின் மீதான சந்தேகம் பெருமளவு குறைகிறது.

வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை முழுவதும் திருப்புகையில் ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் துள்ளுவது போன்ற ஒலி வந்தால் அது ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங். பேரிங் இறுகிவிட்டதால் ஸ்பிரிங் முறுகி, பின்னர் சட்டென்று விடுபடுகிறது. இன்னொருவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் விரலை லேசாக வைத்தால் அந்தத் துள்ளல் கையிலேயே தெரியும். முழுவதும் திருப்பியபடி ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ‘டிக்டிக்டிக்’ என்று வேகத்துக்கேற்ப வரும் சத்தம் சஸ்பென்ஷனுடையதே அல்ல. அது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி மூட்டு.

ரப்பர் ‘கிரீச்’ என்பதற்கு எளிய சோதனை தண்ணீர். சந்தேகத்துக்குரிய புஷ்களின் மீது ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு முறையும் காரை அமுக்கிப் பார்த்தால், எதை நனைத்ததும் சத்தம் சற்று நேரம் நிற்கிறதோ அதுவே காரணம். அந்த இடத்தில் எஞ்சின் ஆயிலையோ சாதாரண கிரீஸையோ தடவிவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும், சத்தம் நின்ற மகிழ்ச்சி சில வாரங்களில் கிழிந்த புஷ்ஷாக முடியும். சிலிக்கோன் வகை ஸ்பிரே அத்தகைய கேட்டைச் செய்வதில்லை.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் செய்யும் சோதனையில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுகி லிங்கை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், தளர்ந்த லிங்க்கூட இறுக்கமாகவே தோன்றும். இரண்டு சக்கரங்களும் ஒன்றாகத் தொங்க வேண்டும், அல்லது இரண்டும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பால் ஜாயின்ட்டைச் சோதிக்கும்போது எங்கே ஜாக்கி வைப்பது என்பது சஸ்பென்ஷனின் அமைப்பைப் பொறுத்தது. மக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் காரின் எடை ஸ்ட்ரட் வழியாகவே இறங்குவதால், உடலைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டாலே கீழ் பால் ஜாயின்ட் தளர்வாக நிற்கும். ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மீதே உட்கார்ந்திருக்கும் இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் ஓர் ஆர்ம் கொண்ட) அமைப்பில் அந்த ஆர்முக்கு அடியிலேயே ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் விசை ஜாயின்ட்டை இறுக்கி, ஆட்டத்தை மறைத்துவிடும். எந்த அமைப்பாக இருந்தாலும், ஸ்டாண்ட் வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகக் கூடாது.

தூக்கிய சக்கரத்தை 12 மணி, 6 மணி நிலைகளில் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் பால் ஜாயின்ட்டையோ வீல் பேரிங்கையோ காட்டும். இன்னொருவர் பிரேக்கை மிதித்ததும் அந்த ஆட்டம் மறைந்தால் அது பேரிங். 3 மணி, 9 மணி நிலைகளில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் மூட்டுகளான டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட்.

சஸ்பென்ஷன் என்று எண்ணி ஏமாறும் இடங்களும் உண்டு. கரடுமுரடான சாலையில் கேட்கும் ‘கடகட’ சத்தம் பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால், காலிப்பரில் தளர்ந்திருக்கும் பிரேக் பேட்தான் காரணம். டிக்கியில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கி, சரியாக இறுக்காத ஸ்டெப்னி, தளர்ந்த பேட்டரி, சைலன்ஸரின் வெப்பத் தகடு ஆகியவற்றுக்காக ஷாக் அப்சார்பர்கள் மாற்றப்பட்ட கதைகள் ஏராளம். என்னுடைய பழைய காரிலும் பின் ஷாக் இரண்டையும் மாற்றிய மறுநாள் அதே சத்தம் கேட்டது. குற்றவாளி டிக்கித் தளத்துக்கு அடியில் கிடந்த ஒரு வீல் ஸ்பேனர். அன்றிலிருந்து டிக்கியைக் காலி செய்யாமல் நான் எந்தச் சோதனையையும் தொடங்குவதில்லை.

## முதல் வழி: மாற்றாமல் கவனித்துக்கொண்டே ஓட்டுவது

இது சோம்பேறித்தனம் என்று ஒதுக்கப்படுவது நியாயமல்ல. சத்தம் ஸ்டெபிலைசர் புஷ்ஷிலிருந்தோ, காய்ந்த ஆர்ம் புஷ்ஷின் கிரீச்சலிலிருந்தோ வருகிறது என்று உறுதியாகி, புஷ்ஷின் ரப்பர் மேற்பரப்பு வெடிப்போடு நிற்கிறது, உலோகத்திலிருந்து பிரியவில்லை என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டால், சில மாதங்கள் தள்ளிப்போடுவதில் பெரிய ஆபத்தில்லை. ஓராண்டுக்குள் காரை விற்கவோ கழிக்கவோ எண்ணியிருப்பவருக்கும் இது பொருந்தும்.

மறைந்திருக்கும் செலவு டயரில் இருக்கிறது. ஆர்ம் புஷ் தளர்ந்தால் ஓட்டத்தில் சக்கரத்தின் கோணம் மாறிக்கொண்டே இருப்பதால் டயரின் ஓரம் மட்டும் தேயும்; வலுவிழந்த ஷாக் அப்சார்பர் டயரில் மேடும் பள்ளமுமாகத் தேய்வை உண்டாக்கும். தள்ளிப்போட்டதில் மிச்சமானது இரண்டு டயர்களில் கரைந்துவிடலாம்.

பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், உடைந்த காயில் ஸ்பிரிங் ஆகியவற்றுக்கு இந்த வழி கிடையவே கிடையாது. ஸ்பிரிங் பெரும்பாலும் கீழ்ச்சுற்றில், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குள் மறைந்த இடத்தில் உடைவதால் கண்ணுக்குத் தப்பிவிடும். உடைந்த முனை டயரைக் கிழிக்கக்கூடும். சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மேல் மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை இருபுறமும் அளந்தால், ஒரு மூலை இறங்கியிருப்பது புலப்பட்டுவிடும்.

## இரண்டாம் வழி: சத்தம் போடும் பாகத்தை மட்டும் மாற்றுவது

நோயறிதல் உறுதியாக இருந்து, அந்தப் பாகம் தனியே கழலக்கூடியதாகவும் இருந்தால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஸ்டெபிலைசர் லிங்க் இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு. வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளவும் முடியும்: இரண்டு பக்க லிங்க்குகளையும் கழற்றி, கம்பி எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்து, கார் வழக்கத்தைவிடச் சாயும் என்பதை நினைவில் கொண்டு மிக மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டினால், சத்தம் போய்விட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இந்த வேலைக்குப் பின் வீல் அலைன்மென்ட் தேவையில்லை. டை ராட் எண்டும் தனியே கழலக்கூடியதே. ஆனால் அதன் பின் சக்கரங்களின் டோ அளவை (அவை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரிபார்ப்பது கட்டாயம்.

இந்த வழியின் குறை, பழைய காரில் ஒரு சத்தம் நின்றதும் அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த இன்னொரு சத்தம் காதில் விழத் தொடங்குவது. ‘மெக்கானிக் எதையோ கெடுத்துவிட்டார்’ என்ற சண்டைகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன. இன்னொன்று, ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. ஒரே அச்சின் ஒரு பக்கம் புதிதாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால் வளைவிலும் பிரேக்கிலும் கார் இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. லிங்க்குகளுக்கு இந்தக் கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு பக்கம் போன பின் மறுபக்கம் நெடுநாள் தாங்குவதில்லை என்பதால் இரண்டையும் மாற்றுவதே வழக்கம்.

## மூன்றாம் வழி: சேர்ந்து கழல்பவற்றைச் சேர்த்தே மாற்றுவது

10 ஆண்டுகளைக் கடந்த பெரும்பாலான கார்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். ரப்பர் ஓட்டத்தால் மட்டுமல்ல, வயதாலும் கெடுகிறது. குறைவாக ஓடிய காரிலும் புஷ்கள் இறுகி வெடித்திருக்கும். ஆகவே ஒரு புஷ் போய்விட்டால், அதே ஆண்டில் பிறந்த அடுத்த புஷ்ஷும் அதே வழியில்தான் இருக்கிறது என்று கொள்வது மிகையல்ல.

இங்கே எழும் கேள்வி, லோயர் ஆர்மில் புஷ்ஷை மட்டும் பிரெஸ்ஸில் வைத்து மாற்றுவதா, முழு ஆர்மையும் மாற்றுவதா என்பது. புஷ்ஷின் விலை குறைவு. ஆனால் ஆர்மைக் கழற்றி, பிரெஸ்ஸில் பழையதைத் தள்ளி, புதியதை ஏற்ற வேண்டும். உட்பகுதியில் இடைவெளிகள் கொண்ட புஷ்களை, குறிப்பிட்ட திசையில்தான் பொருத்த வேண்டும். அதைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டால் புது புஷ்ஷே விரைவில் கிழியும். முழு ஆர்ம் வாங்கினால் இரண்டு புஷ்களும், பல கார்களில் பால் ஜாயின்ட்டும் புதிதாக வந்துவிடுகின்றன, பிரெஸ் வேலையும் இல்லை. பால் ஜாயின்ட் ஆர்மோடு பிரிக்க முடியாதபடி அமைந்திருக்கும் காரில், ஜாயின்ட்டிலும் ஆட்டம் தொடங்கியிருந்தால், புஷ் மட்டும் மாற்றுவது வீண் வேலை. ஜாயின்ட் தனியே போல்ட்டில் நிற்பதாகவும், அதன் ரப்பர் பூட் கிழியாமலும் இருந்து, நம்பகமான புஷ்ஷும் நல்ல பிரெஸ்ஸும் கிடைக்குமானால் புஷ் மட்டும் போதும். மலிவான முழு ஆர்மில் வரும் தரமற்ற புஷ்ஷைவிட, நல்ல ஆர்மில் ஏற்றிய தரமான புஷ் நீடிக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். ஆர்மின் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். புது போல்ட் கையில் இல்லாவிட்டால் கார் பட்டறையிலேயே நிற்கும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். இவை எல்லாவற்றையும்விட விலை உயர்ந்த தவறு ஒன்று உண்டு: சக்கரம் காற்றில் தொங்கும்போதே ஆர்மின் போல்ட்டை முழுவதும் இறுக்கிவிடுவது. இந்த வகைப் புஷ்ஷில் உள்குழாய் போல்ட்டால் அசையாமல் பிடிக்கப்படுகிறது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது முறுகுவது ரப்பர்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ரப்பர் முறுகியபடியே இருந்து, சில மாதங்களில் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையளவு இறுக்கிவைத்து, காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பின்னரே இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுதியாக இறுக்க வேண்டும். ‘போன வருஷம்தான் மாற்றினேன், மறுபடியும் போய்விட்டது’ என்று குறைசொல்லப்படும் பல உதிரிபாகங்களின் உண்மைக் கதை இதுதான் என்பது என் கணிப்பு.

ஸ்ட்ரட்டிலும் இதுபோல ஒரு தேர்வு உண்டு. ஸ்ட்ரட்டை மட்டும் வாங்கினால் பழைய ஸ்பிரிங்கை அமுக்கிப் பொருத்த வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து என்பதால் அது பழகிய கைகளுக்குரிய வேலை. ஸ்பிரிங், மவுண்ட், பேரிங் எல்லாம் சேர்த்துப் பூட்டப்பட்ட முழுத் தொகுதியாக வாங்கினால் அந்த ஆபத்தும் நேரமும் மிச்சம். ஆனால் மலிவான தொகுதிகளில் வரும் ஸ்பிரிங்கின் விறைப்பு பழையதைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. காரின் நிற்கும் உயரமே மாறிவிடக்கூடும். பழைய ஸ்பிரிங் நலமாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு, நல்ல தரத்தில் ஸ்ட்ரட்டும் புது மவுண்டும் போடுவதையே நான் விரும்புவேன்.

## நான்காம் வழி: முழுவதையும் புதுப்பிப்பது

காரின் எஞ்சினும் உடலும் நல்ல நிலையில் இருந்து, இன்னும் ஐந்தாறு ஆண்டுகளாவது வைத்திருக்கப் போகிறோம் என்ற உறுதி இருந்து, சோதனையில் முன்னும் பின்னும் பல பாகங்கள் ஒன்றாகத் தளர்ந்திருப்பது தெரிந்தால் மட்டுமே இது நியாயமாகும். ஒரே அலைன்மென்ட், ஒரே முறை பட்டறை, அதன்பின் கார் புதிதுபோல நடக்கும் சுகம் ஆகியவை இதன் ஆதாயங்கள்.

‘எது சத்தம் போடுகிறது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம்’ என்ற காரணத்துக்காக இதைத் தேர்ந்தெடுப்பதுதான் மிக மோசமான முடிவு. சத்தம் ஸ்டியரிங் ரேக்கிலோ எஞ்சின் மவுண்டிலோ இருந்தால், இத்தனை செலவுக்குப் பின்னும் அது அங்கேயே இருக்கும். இன்னொரு மறைவிடம், மொத்தச் செலவைக் கண்டு மிரண்டு எல்லாப் பாகங்களையும் கீழ்த்தரத்தில் வாங்க நேர்வது. தரமான நான்கு பாகங்கள் தரமற்ற பதினான்கைவிட நீடிக்கும். முழுப் புதுப்பிப்போடு பாலியூரித்தேன் புஷ்களையும் போடச் சொல்பவர்கள் உண்டு. அவை தேய்வையும் எண்ணெயையும் நன்கு தாங்கும். அதே வேளையில் ரப்பரைவிட விறைப்பாக இருப்பதால் சாலையின் அதிர்வைக் கூடுதலாக உள்ளே கடத்தும், உரிய கிரீஸ் இல்லாவிட்டால் கிரீச்சிடவும் செய்யும். சத்தத்தைப் போக்குவதற்காகவே வேலையைத் தொடங்கியவருக்கு அது பொருத்தமான தேர்வு அல்ல.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் நிலை | மறைந்திருக்கும் செலவு | கூடவே கூடாத நிலை |
|---|---|---|---|
| கவனித்து ஓட்டுவது | புஷ் கிரீச்சல், ஸ்டெபிலைசர் சத்தம். கார் விரைவில் கைமாறும் | டயர் தேய்வு | பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், உடைந்த ஸ்பிரிங் |
| ஒரு பாகம் மட்டும் | நோயறிதல் உறுதி. தனியே கழலும் பாகம் | அடுத்த சத்தம் வெளிப்படுவது | ஷாக், ஸ்பிரிங் ஒரு பக்கம் மட்டும் |
| சேர்ந்து கழல்பவை | ஆர்ம், ஸ்ட்ரட் வேலைகள். இரண்டு மூன்று ஆண்டு ஓட்டம் | ஒட்டிய போல்ட், அலைன்மென்ட், தவறான இறுக்கம் | சத்தத்தின் இடம் தெரியாதபோது |
| முழுப் புதுப்பிப்பு | பல பாகங்கள் ஒன்றாகத் தளர்ந்தவை; நீண்ட கால உடைமை | செலவுக்குப் பயந்து தரம் குறைப்பது | ஊகத்தின் பேரில் |

எந்த வழியைத் தேர்ந்தாலும், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புது லிங்கின் உருண்டைத் தண்டை விரலால் அசைக்கவே சிரமமாக இருக்கும். பழையது தொளதொளவென்று ஆட வேண்டும். பழைய புஷ்ஷில் ரப்பர் கிழிந்தோ உலோகத்திலிருந்து விலகியோ இருக்க வேண்டும். பழையதும் புதியதைப் போலவே இறுக்கமாக இருந்தால், சத்தம் இன்னும் காரிலேயே இருக்கிறது என்று கொண்டு, வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கும் முன்பே சோதனையைத் தொடரச் சொல்லுங்கள்.